பை கிழிக்காத செடிகள்

திங்கட்கிழமை காலையில் தங்கமணி செடி பிடுங்கப் போவாள்.

காப்பாரில் கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் மாறும். அதைக் கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொண்டு, நீர் இறங்கியதும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவாள். அங்கே வரிசையாகப் பாக்காவ் கன்றுகள் நிற்கும். அலையாத்தி மரத்துக்கு இங்கே எல்லாரும் சொல்லும் பெயர் பாக்காவ். ஒவ்வொரு கன்றின் கழுத்திலும் ஒரு நம்பர் அட்டை தொங்கும். எல்லாம் சனிக்கிழமை பஸ்ஸில் வந்தவர்கள் பூமியைக் காப்பாற்ற நட்டுவிட்டுப் போனவை.

அவள் குனிந்து செடியின் அடியில் இரண்டு கையையும் விடுவாள். கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு தூக்குவாள். ‘ப்ளக்’ என்று சேறு விட்டுக்கொடுக்கும். பையை அலசிக் கூடையில் வைத்துவிட்டு, நம்பர் அட்டையைக் கழற்றி வாளியில் போடுவாள். அடுத்த சனிக்கிழமை அதே செடி, அதே அட்டை, வேறு கை. சில கன்றுகளை அவளுக்கு முகம் பார்த்தே தெரியும். இடுப்பு வளைந்த ஒன்று, இலை நுனி கருகிய ஒன்று. வளைந்தது ஒன்பது தடவை நடப்பட்டிருந்தது.

“ஒம்போது தடவ கழுத்த நீட்டிருக்கு,” என்பான் அவள் கணவன் பாலன். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். “ஒருத்தன்கூட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல. நீயும் நல்ல கல்யாண புரோக்கர்தான் லா.”

முதலில் சிரித்தாள். பிறகு அந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவாள்.

சேற்று நாற்றம் அவளுக்கு நாற்றமே இல்லை. நண்டும் இலையும் மக்கிய வாசனை அது. குமட்டியது வேறு. சனிக்கிழமைக் கூட்டம் போன பிறகு பார்க்க வேண்டும். கை துடைத்த ஈரத் தாள்கள், ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்த தண்ணீர்ப் போத்தல்கள், காலில் சேறு படாமல் மாட்டிக்கொள்ளும் நீல உறைகள். ஒரு தடவை வெள்ளைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி அவளைக் கூப்பிட்டு, “அக்கா, இந்தக் கன்னத்துல கொஞ்சம் சேறு பூசி விடுங்களேன், போட்டோவுல தெரியல,” என்றாள். தங்கமணி பூசிவிட்டாள். “இன்னும் கொஞ்சம்,” என்றாள் அவள்.

தங்கமணி பிறந்தது காப்பாருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது அவளுக்குப் பதினாறு வயது. மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. குடும்பம் மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்கு ஏறியது. இருபத்தைந்து வயதிலிருந்து கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம். அங்கே மருந்துத் தண்ணீரில் கை வெந்து தோல் உரியும். ஊர் உலகத்துக்கெல்லாம் கையுறை செய்தவளுக்குக் கையில் தோல் நிற்கவில்லை. நோய்க்காலம் முடிந்து ஆர்டர் குறைந்ததும் ஆட்களையும் குறைத்தார்கள். நாற்பத்து நாலு வயதில் வேலை தேடினாள்.

அப்போதுதான் ஜெயராஜ் வந்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்துப் ‘பசுந்தடம்’ என்ற பெயரில் சுற்றுலா நடத்துகிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும், நன்றாகப் பேசுவான். காலையில் பஸ்ஸில் காப்பார், அங்கே ஆளுக்கு ஒரு மரம், மதியம் கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு, மாலையில் ஏழை மீனவர்களுக்கு அரிசி. இயற்கைக்கும் நல்லது, ஏழைக்கும் நல்லது, போகிற உங்களுக்கும் நல்லது என்று விளம்பரம்.

ஆரம்பத்தில் தங்கமணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் கேட்டால், “சுற்றுச்சூழல் வேலை,” என்றாள். காட்டோரம் விழுந்து கிடக்கும் முருங்கைக்காய் போன்ற விதைகளைப் பொறுக்கி வந்து, பையில் மண் நிரப்பி ஊன்றி, ஆறு மாதம் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொன்றும் முதல் இரண்டு இலை விட்டபோது பாலனை மோட்டோவில் கூட்டி வந்து காட்டினாள். முதல் மூன்று பஸ் ஆட்கள் நட்டதை யாரும் பிடுங்கவில்லை. நாலாவது பஸ்ஸுக்குச் செடி இல்லை.

“நட்டத ஏன் பாஸ் புடுங்கணும்?” என்று அன்று கேட்டாள்.

“அக்கா, செடி ஆறு மாசம் கேக்குது. பஸ் ஆறு நாள்ல வருது. நான் என்ன செய்ய, சொல்லுங்க?” என்றான் ஜெயராஜ். “அதுவும் நாம மரத்தயா நடுறோம்? மனசுல நடுறோம் லா. அவங்க மனசுல வளரும்.”

பையைக் கிழிக்காமல் நடச் சொன்னதும் அவன்தான். கிழித்தால் வேர் அடிபடும், இந்தப் பை தானாகச் சேற்றில் மக்கிவிடும் என்று மைக்கில் சொல்வான். தங்கமணி அந்தப் பைகளைக் காப்பார் ஹார்ட்வேர் கடையில் கட்டுக் கட்டாக வாங்கி வந்தவள். சாதாரணக் கறுப்புப் பிளாஸ்டிக். அவள் பேரப்பிள்ளை காலத்திலும் மக்காது. பின்னால் நின்று அவன் பேச்சைக் கேட்பாள். இது பொய்யில் சேருமா, வேலையில் சேருமா என்று யோசிப்பாள். திங்கட்கிழமை வந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

அரிசி விஷயம் இதைவிட மோசம். மீனவக் குடும்பங்கள் முதல் நாலு வாரம் வந்து நின்றன. பிறகு, “எங்களுக்கு வலைய பாக்கணும்,” என்று ஒதுங்கிவிட்டார்கள். வாங்க ஆளில்லாமல் கொடுக்க வந்தவர்கள் மட்டும் அரிசிப் பையோடு நின்றார்கள்.

“அக்கா, நீங்க நில்லுங்க லா,” என்றான் ஜெயராஜ். “நீங்களும் கஷ்டப்படுறவங்கதானே? ஊர்ப் பொம்பளைங்க ரெண்டு மூணு பேரையும் சேத்துக்குங்க. சட்டைய மட்டும் மாத்திக்குங்க.”

அவள் பொதுக் குழாயில் சேற்றைக் கழுவி, தலையை வாரி, பழைய கைலியும் மேல்சட்டையும் மாட்டி வரிசையில் நின்றாள். காலையில் யார் கையைப் பிடித்து எப்படி நடுவது என்று காட்டினாளோ, அதே ஆட்கள் மாலையில் அவள் கையில் அஞ்சு கிலோ அரிசிப் பையை வைத்தார்கள். பையின் மேல் பச்சை இலைப் படம் போட்டிருந்தது. ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் சேறு பூசச் சொன்ன பெண்கூட, “கொஞ்சம் சிரிங்க ஆன்டி,” என்று தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். காலையில் அக்கா, மாலையில் ஆன்டி.

அரிசியை அவள் வீட்டுக்குத்தான் கொண்டு போனாள். சமைத்தாள். அது நல்ல அரிசி என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஷம்சுதீன் வந்தது ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை. ஸ்ரீ கெம்பாங்கானில் துணிக்கடை வைத்திருந்து, கடையை மகனிடம் விட்டுவிட்டவர். அறுபத்தெட்டு வயது. பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கினார். மற்றவர்கள் தங்கள் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் நம்பர் எழுதிக்கொண்டபோது அவர், “ருக்கையா. என் சம்சாரம். மௌத்தாயி மூணு மாசம் ஆச்சு,” என்றார். அட்டை 317.

நடும் இடத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துப் பிளாஸ்டிக்கைக் கிழித்தார்.

“அங்கிள், கிழிக்க வேணாம், அது மக்கிடும்,” என்று ஜெயராஜ் ஓடி வந்தான்.

“தம்பி, நான் நாப்பது வருஷமா துணி விக்கிறேன். பிளாஸ்டிக் எது, பருத்தி எதுன்னு தொட்டாத் தெரியும்,” என்றார் அவர். “அவ பேர்ல நடுறேன். கடல்ல குப்ப போட்டுட்டுப் போகவா வந்தேன்?” கிழித்த பையை நாலாய் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மண் உதிராமல் கன்றை இறக்கினார். முட்டி போட்டு, சுற்றிலும் விரலால் அழுத்தினார்.

பக்கத்தில் நின்ற தங்கமணியிடம், “எங்க மார்க்கத்துல சதகதுல் ஜாரியான்னு சொல்லுவோம் தங்கச்சி,” என்றார். “செத்தவங்க பேர்ல கெணறு வெட்டலாம், மரம் நடலாம். அதுல ஒரு பறவ உக்காந்தாக்கூட, ஒரு நண்டு நெழல்ல நின்னாக்கூட, அந்த நன்ம அவங்களப் போய்ச் சேரும். மரம் நிக்கிற வரைக்கும்.”

அவள் தலையாட்டினாள்.

மாலையில் அரிசி வரிசையில் அவர் கையில் பையோடு அவள் முன்னால் வந்து நின்றார். ஜெயராஜ் கைப்பேசியைத் தூக்கினான். ஷம்சுதீன் அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க அங்க சேத்துல நின்னவங்கல்ல?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. “ஆமா பாய்.”

அவர் ஜெயராஜ் பக்கம் திரும்பி, “போட்டோ வேணாம் தம்பி,” என்றார். அரிசிப் பையை அவள் கையில் திணிக்காமல் சுவரோரம் வைத்துவிட்டு, பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதத்தில் அவளைக் கண்டுகொண்ட ஒரே ஆள்.

திங்கட்கிழமை அறுபத்திரண்டு செடி பிடுங்க வேண்டும். ஐம்பதுக்கு மேல் தூக்கிய பிறகு 317 வந்தது. அதைப் பார்த்ததும் தங்கமணி நிமிர்ந்து நின்றாள். விட்டுவிடலாம். ஒரே ஒரு செடி. ஆனால் தனியாக ஒன்று நின்றால், சனிக்கிழமை வருகிறவர்கள், மற்றது எங்கே என்று கேட்பார்கள். “வரிச சுத்தமா இருக்கணும்க்கா,” என்பது ஜெயராஜ் அடிக்கடி சொல்வது. கடல் ஏற இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. இடுப்பு வலித்தது.

குனிந்தாள். அடியில் கை விட்டால் பை இல்லை, பிடி இல்லை. தண்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு நாளில் அது மண்ணோடு ஏதோ பேசி முடித்திருந்தது. காலை அகட்டி ஊன்றி ஓங்கி இழுத்தாள். வந்தது. வேரெல்லாம் சேற்றிலேயே நின்றுவிட, தண்டு மட்டும் தோலுரித்த குச்சி மாதிரி கையில் வந்தது. அடியில் சிவப்பாகக் கசிந்தது.

திரும்பக் குழியில் சொருகிப் பார்த்தாள். சாய்ந்தது. அதைக் காட்டோரம், அலை கொண்டு வந்து சேர்த்த போத்தல்களும் செருப்புகளும் கிடந்த இடத்தில் எறிந்தாள். அட்டையை வாளியில் போட்டாள். ஒழுங்காக நட்ட ஒரே செடி அதுதான். செத்ததும் அது ஒன்றுதான்.

அன்று மத்தியானம் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பாலன், “என்னடி, கையுறைக் கம்பெனிக்குத் திரும்பப் போறியா?” என்றான். அவள் துண்டை எடுத்துக் கை துடைத்தாள்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஜெயராஜ் போன் செய்தான். “அக்கா, அந்த பாய் அங்கிள் நாளைக்கு வராராம். மரத்தப் பாக்கணுமாம். உசரமா ஒன்னு பாத்து நம்பர மாட்டிக் காட்டுங்க. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, அவருக்கு என்ன தெரியப் போவுது?”

“அவருது செத்துப் போச்சு பாஸ்.”

“அதான் சொல்றேன். அவரு மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க.”

அவன் உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருந்தாலும் வாளியைக் கவிழ்த்து 317ஐத் தேடி எடுத்தாள். ஆகக் கொழுத்த கன்றாகப் பார்த்துக் கட்டினாள்.

மறுநாள் ஷம்சுதீன் நடந்து வந்தார். மகன் காரில் கொண்டு வந்து விடுகிறேன் என்றானாம். வேண்டாம் என்றுவிட்டாராம். செர்டாங்கில் கொமூட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, கிள்ளானில் இறங்கி, பஸ் பிடித்து, மிச்சத்தை நடந்திருக்கிறார். மூன்றரை மணி நேரம். கையில் ஒரு துணிப்பை. வழியில் பொறுக்கிய நாலைந்து போத்தல்கள் அதில் கிடந்தன.

“ஒரு மரத்தப் பாக்க ஒரு டாங்கி எண்ணெய எரிக்கிறதா தங்கச்சி?” என்று சிரித்தார். “ருக்கையா இருந்தா திட்டுவா.”

சேற்றில் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தாள். சொல்லாமலே செடி வந்துவிட்டது. அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இவ்வளவு வளந்திருச்சா!” என்று இலையைத் தடவினார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடி ஓதினார். உதடு மட்டும் அசைந்தது. வேறு யார் யாரோ நட்டு, அவள் பிடுங்கிப் பிடுங்கி வைத்த ஒரு செடியின் முன்னால், செத்துப்போன மனைவிக்காக ஒரு மனிதர் துவா கேட்டுக்கொண்டிருந்தார். தங்கமணி பக்கத்தில் நின்றாள்.

ஓதி முடித்ததும் அவர் முட்டி போட்டார். அன்று செய்ததைப் போலவே செடியைச் சுற்றி மண்ணை அழுத்த விரலை விட்டார். விரல் நின்றது. இன்னும் கொஞ்சம் தோண்டினார். கறுப்புப் பிளாஸ்டிக்கின் விளிம்பு வெளியே வந்தது.

அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் கிழிச்சேனே,” என்றார்.

அவள் அட்டையைப் பார்த்தாள்.

“பை வீட்டுல இருக்கு. நான் கிழிச்சேன்.”

“உங்களோடது செத்துப் போச்சு பாய்,” என்றாள் தங்கமணி. “நான்தான் புடுங்கினேன். திங்கக்கெழம. இங்க எல்லாத்தையும் புடுங்கிருவோம், திரும்ப நடுறதுக்கு. உங்களோடதுல பை இல்ல. இழுத்தேன். வேரு அறுந்துருச்சு.”

“தெரியாமப் புடுங்கினீங்களா?”

அவர் அவளுக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார். அவளுக்கும் அது புரிந்தது.

“இல்ல. நம்பரப் பாத்தேன். உங்களோடதுன்னு தெரியும்.”

அவர் எழுந்தார். எழ முடியாமல் தடுமாறியபோது அவள் கை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. சேற்றில் கையை ஊன்றித் தானாகவே எழுந்தார்.

“எங்க போட்டீங்க?”

காட்டோரம் கிடந்த குப்பையைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிய்யத்துக்குக் கூலி உண்டு. அல்லா என் நெனப்பப் பாப்பான், அவளுக்குச் சேர வேண்டியது சேர்ந்துரும்,” என்றார் மெதுவாக. “ஆனா நண்டு இங்க வந்து நிக்குமே தங்கச்சி. அதுக்கு நெழல் வேணுமே.”

“நான் வேற ஒன்னு நட்டுத் தரேன் பாய். இப்பவே. பையக் கிழிச்சு.”

“வேணாம்.” அவர் குரல் உயரவில்லை. “உங்க கையால வேணாம்.”

அட்டையைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டார். துணிப்பையை எடுத்தார். பாலனைக் கூப்பிட்டு மோட்டோவில் பஸ் ஸ்டாப்பில் விடச் சொல்கிறேன் என்றாள். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

கடல் ஏற ஒன்றரை மணி நேரம் இருந்தது. தங்கமணி கரையில் கூடைகள் வைக்கும் கொட்டகையிலிருந்து கத்தியை எடுத்து வந்தாள். முதல் செடியைத் தூக்கினாள், பையைக் கிழித்தாள், மண் உதிராமல் இறக்கினாள், அழுத்தினாள். அடுத்தது. இடுப்பு வளைந்தது வந்தபோதும் நிற்கவில்லை. இதைச் செய்தால் செய்தது இல்லையென்று ஆகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். பிறகு எதற்குச் செய்கிறாள்? அதுவும் தெரியவில்லை. நீர் முட்டிக்கு வந்தபோது நாற்பத்தேழு முடிந்திருந்தது. மிச்சப் பதினைந்தையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தடவித் தடவி முடித்தாள். கிழித்த பைகளைக் கட்டித் தோளில் போட்டுக் கரையேறினாள்.

திங்கட்கிழமை ஜெயராஜ் போன் செய்தான். “அக்கா, புடுங்கியாச்சா?”

“புடுங்க முடியாது. எல்லாத்துலயும் பையக் கிழிச்சிட்டேன். இனி இழுத்தா செத்துரும்.”

“யாருக்கா உங்களக் கிழிக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

“சனிக்கிழம நாப்பத்தஞ்சு பேரு வராங்க. நான் இப்ப எங்க போறது?” அவன் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. “சரி, நீங்க வீட்டுல இருங்க. நான் வேற ஆளப் பாத்துக்குறேன். வேற எடமும்.”

அந்தச் சனிக்கிழமை பசுந்தடம் பஸ் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள சாலை வழியாகத்தான் போனது. ஜன்னலோரம் இருந்த இரண்டு பேர் பஸ் ஸ்டாப்பில் நின்ற தங்கமணிக்குக் கையாட்டினார்கள். ஏழைகளைப் பார்த்தால் கையாட்ட வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. ஒருத்தி கைப்பேசியைத் தூக்கினாள். தங்கமணி முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பஸ் வழக்கமான சந்தில் திரும்பாமல் நேராகப் போனது.

மத்தியானம் உலை வைத்தாள். அரிசி டின்னுக்குப் பக்கத்தில் பச்சை இலைப் படம் போட்ட பைகள் இன்னும் மூன்று இருந்தன. ஒன்று ஷம்சுதீன் சுவரோரம் வைத்துவிட்டுப் போனது. எது என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை. மேலாக இருந்த பையின் வாயைக் கிழித்து, இரண்டு டம்ளர் அளந்து களைந்தாள். தண்ணீர் வெள்ளையாக ஓடியது.

பாலன் கதவோரம் நின்று பார்த்தான். கேலி செய்ய வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டான்.

“இது இன்னும் எத்தன நாளைக்கு வரும்?”

“ஒரு மாசம் வரும்,” என்றாள் தங்கமணி. “தின்னுதான் தீக்கணும்.”